புது வீட்டுச் செம்புக் குழாயில் களிம்பு: நிறத்தையும் இடத்தையும் பார்த்துக் காரணம் பிடிப்பது

"தம்பி, குடி வந்து பதினாலு மாசம்தான் ஆகுது. அதுக்குள்ள இந்த வாஷ்பேசினைப் பாரு" என்று புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஓர் அம்மா கூப்பிட்டுக் காட்டினார். வெள்ளைப் பீங்கானில், குழாய் சொட்டும் இடத்திலிருந்து வடிகால் ஓட்டை வரைக்கும் விரல் அகலத்துக்கு ஒரு நீலப்பச்சைக் கோடு. ஆசிட் ஊற்றித் தேய்த்திருக்கிறார். ஒரு வாரத்தில் மறுபடி வந்துவிட்டது. எனக்கு முன்னால் வந்து பார்த்த பிளம்பர், "செம்பு பைப்பே மட்டம், எல்லாத்தையும் பிடுங்கிட்டு சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதாவது புது டைல்ஸை உடைக்க வேண்டும். அந்த அம்மாவுக்குத் தூக்கமே போய்விட்டது.

உடைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அந்த வீட்டுக் கதையைப் பிறகு முடிக்கிறேன்.

செம்பில் களிம்பு ஏறுவது நமக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆன்மாவை ஒட்டிய மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமையே அதுதான். பாட்டி வீட்டுச் செம்புக் குடத்தைப் புளி போட்டு விளக்கியவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் குடத்தை வாராவாரம் விளக்கலாம். சுவருக்குள் போன குழாயை விளக்க முடியாது. அதைக் காப்பாற்றுவது உள்சுவரில் தானாகப் படியும் செம்பு ஆக்சைடு படலம். செம்பழுப்பாக, மெல்லியதாக இருக்கும். நல்ல தண்ணீர் ஒழுங்காக ஓடினால் சில வாரங்களில் பிடிக்க ஆரம்பித்து மாதக்கணக்கில் கெட்டியாகும். பழைய வீட்டில் அது எப்போதோ அமைந்துவிட்டது. புது வீட்டில் அது அமைய வேண்டிய நேரத்தில்தான் சிமென்ட் தூசி, பற்றவைக்கத் தடவும் ஃபிளக்ஸ் பசை, டைல்ஸ் கழுவும் ஆசிட், தேங்கிக் கிடக்கும் தண்ணீர் என்று எல்லாம் ஒன்றாக வந்து சேர்கின்றன. "இருபது வருஷத்துக் குழாய் நல்லா இருக்கு, போன வருஷம் போட்டது ஓட்டை" என்று ஆச்சரியப்படுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

நம் பக்கத்து வீடுகளில் தண்ணீர் லைன் பெரும்பாலும் சி.பி.வி.சி., யு.பி.வி.சி. தான். செம்பு இருக்கும் இடங்கள் குறைவு: சோலார் ஹீட்டரிலிருந்து பாத்ரூமுக்கு இறங்கும் சுடுதண்ணீர் லைன், கீசர் இணைப்பு, செலவு பார்க்காமல் கட்டிய வில்லாக்கள், ஒயிட் டவுனில் பழைய வீட்டைப் புதுப்பித்து நடத்தும் தங்கும் விடுதிகள். அப்புறம் ஏசி. செம்பு இல்லாத ஏசி அபூர்வம். அதனால் ஏசியையும் கடைசியில் சேர்த்திருக்கிறேன்.

எதையும் பிரிப்பதற்கு முன்னால்: மூன்று பாட்டில்

இரவு கடைசியாகக் குழாயை மூடியபின் குறைந்தது ஆறு மணி நேரம் யாரும் தண்ணீர் திறக்காமல் இருக்கட்டும். காலையில் முதல் தண்ணீரை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். மூன்று நிமிடம் ஓடவிட்டு இரண்டாவது பாட்டில். மூன்றாவதை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மொட்டை மாடித் தொட்டியிலிருந்து நேராக எடுங்கள். மூன்றிலும் எது எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்டுங்கள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கும்போது "செம்பும் பாருங்க" என்று தனியாகச் சொல்ல வேண்டும். வழக்கமான பரிசோதனையில் கடினத்தன்மை, குளோரைடு, இரும்பு இருக்கும். செம்பு இருக்கும் என்று நம்பாதீர்கள்.

முதல் பாட்டிலில் செம்பு அதிகம், இரண்டாவதில் குறைவு என்றால் குழாய்க்குள் தேங்கும்போது கரைகிறது. இரண்டிலுமே அதிகம் என்றால் தண்ணீரே செம்பைத் தின்னும் தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500-இன்படி செம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீருக்கு வழியில்லாவிட்டால் 1.5 வரை அனுமதி. உலக சுகாதார நிறுவனம் 2 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது.

பரிசோதனை முடிவு வரும்வரை கையில் இருக்க வேண்டியவை ஒரு டார்ச், தண்ணீரின் புளிப்பை, அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாள் (7-க்குக் கீழே போனால் அமிலம்), ஒரு பழைய டூத் பிரஷ். டி.டி.எஸ். மீட்டர் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. இந்த வேலைக்கு அது அரைகுறைத் துணைதான். உப்பைச் சொல்லும், புளிப்பைச் சொல்லாது.

பீங்கானிலும் துணியிலும் நீலப்பச்சைக் கறை

முதலில் அது செம்புதானா என்று பாருங்கள். விரலால் தேய்த்தால் வழுவழுவென்று வந்துவிட்டால் அது பாசி. தேய்த்து வராமல், எலுமிச்சை மூடியோ புளியோ வைத்தால் கரைந்தால் செம்பு.

கறை ஒரே ஒரு குழாய்க்குக் கீழே மட்டும் இருந்தால் அந்தக் குழாயின் வாஷர் தேய்ந்து சொட்டுகிறது. தண்ணீர் லைனில் மெதுவாக நகர்ந்து, செம்பைக் கரைத்துக்கொண்டு, ஒரே இடத்தில் விழுந்து காய்கிறது. எல்லாக் குழாயிலும் இருந்தால், வெள்ளை வேட்டி சொட்டு நீலம் போடாமலே நீலம் பாய்ந்தால், சோப்பு நுரை திரிந்து நீலமாக ஒட்டினால், கோளாறு தண்ணீரில். தங்கும் விடுதி நடத்தும் ஒருவர், பொன்னிற முடியுள்ள விருந்தாளிக்கு முடி பச்சையாகிவிட்டது என்று பதறிப்போய்க் கூப்பிட்டார். அதுவும் இதே செம்புதான். நம் கறுப்பு முடியில் அது தெரியாது, அவ்வளவே.

தண்ணீர் ஏன் செம்பைக் கரைக்கிறது? நம் ஊரில் நான் பார்த்தவரை நான்கு வழிகள்.

ஒன்று, போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு. ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் அது அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும். தண்ணீரை லேசான அமிலமாக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பரிசோதனைக் கூடம் வேண்டாம். போர் மோட்டார் ஓடும்போது வரும் தண்ணீரில் உடனே பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். அதே தண்ணீரை அகலமான பக்கெட்டில் ஒரு நாள் திறந்து வைத்து மறுபடி பாருங்கள். முதலில் 6.3 காட்டியது மறுநாள் 7-ஐத் தாண்டினால் வாயுதான் குற்றவாளி. மருந்தும் எளிது: தண்ணீரை முதலில் சம்பில் விட்டு, குழாய் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்து, அருவி மாதிரி விழச் செய்யுங்கள். சம்பு மூடியில் கொசுவலை வைத்த காற்று வழி இருக்கட்டும். போரிலிருந்து பிரஷர் பம்ப் வழியாக நேராக லைனுக்குக் கொடுக்கும் வீடுகளில் இந்த வாயு வெளியேற வழியே கிடையாது. அங்கேதான் கறை அதிகம்.

இரண்டு, ஆர்.ஓ. தண்ணீர். கடலோர போர்களில் உப்பு ஏறுவதால் வீடு முழுவதற்கும் சேர்த்து மாடியில் ஒரு ஆர்.ஓ. பிளான்ட் வைப்பது இப்போது வழக்கமாகி வருகிறது. "உப்புதானே குழாயை அரிக்கும், அதை எடுத்துட்டோமே" என்று நினைக்கிறார்கள். செம்புக்கு நடப்பது தலைகீழ். ஆர்.ஓ. சவ்வு உப்பையும், பி.எச்.சைத் தாங்கிப் பிடிக்கும் பைகார்பனேட்டையும் நிறுத்திவிடும். கரியமில வாயுவை மட்டும் அப்படியே விட்டுவிடும். வெளியே வரும் தண்ணீர் ருசிக்கு இனிப்பாகவும் இருக்கும், பி.எச்.சில் புளிப்பாகவும் இருக்கும். டி.டி.எஸ். மீட்டரில் 30 என்று காட்டி நம்மைச் சந்தோஷப்படுத்தும். குழாய்க்குள் செம்பைக் கரைத்துக்கொண்டு இருக்கும்.

லாஸ்பேட்டை அம்மா வீட்டில் இதுதான். தொட்டித் தண்ணீரில் தாளை நனைத்தேன், 6-க்கும் கீழே போனது. இதற்கு இரண்டு வழி உண்டு. ஆர்.ஓ.வைச் சமையலறைக்கு மட்டும் பிளாஸ்டிக் லைனில் கொடுத்துவிட்டு, செம்பு லைனுக்குச் சாதாரணத் தண்ணீரையே விடுவது ஒன்று. ஆர்.ஓ.வுக்கு அடுத்து கால்சைட் என்ற சுண்ணாம்புக் கல் நிரப்பிய ஃபில்டர் வைத்து பி.எச்.சை 7.5-க்கு மேலே தூக்குவது இன்னொன்று. முதலாவது மலிவு. இரண்டாவதில் கல் கரையக் கரைய நிரப்ப வேண்டும், அதை நினைவு வைத்துச் செய்யும் வீடு குறைவு. நான் முதலாவதைத்தான் சொல்வேன்.

மூன்று, பிளீச்சிங் பவுடர். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து கொட்டிய மழையில், தாழ்வான நகர்களில் சம்புக்குள் தெருத் தண்ணீர் போய்விட்டது. பயத்தில் கைப்பிடி கைப்பிடியாகப் பவுடரை அள்ளிப் போட்டு, அதையே மேலே ஏற்றிப் புழங்கியவர்கள் நிறையப் பேர். நல்ல பவுடராக இருந்தால் 1000 லிட்டருக்கு 4 கிராம் போதும், ஏறக்குறைய ஒரு டீஸ்பூன்தான். சம்பைக் கழுவுவதற்காகக் கெட்டியாகக் கரைத்தால் அந்தத் தண்ணீரை வெளியே இறைத்துவிட வேண்டும். அதிகக் குளோரின் புதுச் செம்பின் படலத்தைப் பிடிக்க விடாது.

நான்காவது வெறும் புதுமை. குழாய் புதிது, படலம் இன்னும் அமையவில்லை. தண்ணீரின் பி.எச். 7-க்கு மேலே இருந்து, காலையில் முதல் தண்ணீர் மட்டும் லேசாக நிறம் காட்டினால் சில மாதம் பொறுங்கள். தினமும் எல்லாக் குழாயையும் திறந்து ஓடவிடுங்கள். அதுவரை, ஏன் எப்போதுமே, ராத்திரி தேங்கிய தண்ணீரில் காபி போடாதீர்கள்; குழந்தைக்குப் பால் பவுடர் கலக்காதீர்கள். சுடுதண்ணீர்க் குழாயிலிருந்து சமையலுக்குப் பிடிப்பதும் வேண்டாம். சூட்டில் செம்பு இன்னும் வேகமாகக் கரையும். வாயில் காசைக் கடித்த மாதிரி ருசி வந்தால் அன்றைக்கே தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

ஜாயின்டைச் சுற்றிப் பச்சை ஒழுக்கு

எல்போவுக்கும் (குழாயைத் திருப்பும் வளைவுத் துண்டு) குழாய்க்கும் நடுவில் மெழுகுவத்தி உருகி வழிந்த மாதிரி ஒரு பச்சைக் கண்ணீர். தொட்டால் கொஞ்சம் பிசுபிசுப்பு. இது கசிவாக இருக்கலாம், ஃபிளக்ஸாகவும் இருக்கலாம். ஃபிளக்ஸ் என்பது பற்றவைக்கும் முன் செம்பைச் சுத்தம் செய்யத் தடவும் பசை. அதன் வேலையே உலோகத்தைக் கடிப்பது. பற்று வைத்து முடித்ததும் துடைக்காவிட்டால் ஈரக்காற்றை இழுத்துக்கொண்டு கடித்துக்கொண்டே இருக்கும்.

வெந்நீரில் கொஞ்சம் சமையல் சோடா கலந்து, டூத் பிரஷால் தேய்த்து, உலர்த்தி, ஒரு டிஷ்யூ பேப்பரைச் சுற்றிக் கட்டி இரண்டு நாள் விடுங்கள். பேப்பர் காய்ந்தே இருந்தால் ஃபிளக்ஸ், வேலை முடிந்தது. நனைந்திருந்தால் பற்று முழுதாக ஓடவில்லை. ஜாயின்டைக் கழற்றிப் புதிதாக வைக்க வேண்டும். மேலே எம்-சீல் அப்புவது வேலையைத் தள்ளிப்போடுவதுதான்.

தொல்லை தருவது வெளியே இருக்கும் ஃபிளக்ஸ் அல்ல, உள்ளே போனதுதான். தாராளமாக அப்பினால் சூட்டில் உருகி உள்ளே ஓடி, படுக்கையாகப் போகும் குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு கோடாக உறைந்துவிடும். மெழுகு கலந்த ஃபிளக்ஸாக இருந்தால் குளிர்ந்த தண்ணீரில் கரையவே கரையாது. அதற்கு அடியில் செம்பு குழியும். இப்படி ஓட்டையான ஒரு துண்டை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். மேல்பாதி அழகான செம்பழுப்பு. அடியில் மட்டும் நத்தை ஊர்ந்த தடம் மாதிரி ஒரு பச்சைப் பாதை, அதில் வரிசையாகக் குழிகள். ஓட்டை இருந்தது ஜாயின்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஓட்டை ஜாயின்டுக்குப் பக்கத்தில், குழாயின் அடியில் இருந்தால் முதலில் ஃபிளக்ஸைச் சந்தேகப்படுங்கள். தண்ணீரில் கழுவினால் போகும் வகை ஃபிளக்ஸ் கடையில் கிடைக்கும். அதைக் கேட்டு வாங்கித் தாருங்கள். வேலை முடிந்த அன்றே லைனில் சுடுதண்ணீரை வேகமாக ஓடவிட்டுக் கழுவச் சொல்லுங்கள். ஓடும் லைனுக்கும் இதே கழுவல் ஓரளவு உதவும், ஆனால் குழிந்தது குழிந்ததுதான்.

இன்னொன்று. பற்றுவைக்கும் "ஈயம்" எது என்று கேளுங்கள். ஈயம் பூசுகிறவர் பாத்திரத்துக்கு வைப்பது வெள்ளீயம். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சுருளாக விற்பதில் பெரும்பாலும் காரீயம் கலந்திருக்கும். குடிதண்ணீர் லைனில் அது வரவே கூடாது.

சுடுதண்ணீர் லைனில், எல்போவை அடுத்து ஊசி ஓட்டை

ஓட்டையான துண்டை வெட்டி எடுத்து உள்ளே டார்ச் அடியுங்கள். களிம்பே இல்லாமல், தேய்த்து வைத்த மாதிரி பளபளவென்று இருந்து, அதில் லாட வடிவத்தில் பள்ளங்கள் இருந்தால் இது வேகத்தின் வேலை. தண்ணீர் வரும் திசையை எதிர்த்து ஒரு குதிரை நடந்து போன குளம்படி மாதிரியே இருக்கும். தண்ணீர் சுழன்று அடித்து, படலத்தைப் பிடிக்கப் பிடிக்க உரித்துக்கொண்டே போயிருக்கிறது.

குளிர்ந்த தண்ணீருக்கு வினாடிக்கு 2.4 மீட்டர், சுடுதண்ணீருக்கு 1.5 மீட்டர், இதற்கு மேல் வேகம் தொடர்ந்து போகக்கூடாது. 60 டிகிரிக்கு மேல் சூடென்றால் 1 மீட்டருக்கும் கீழே வைப்பது நல்லது. மீட்டர் கணக்கைப் பார்க்க முடியாது, பக்கெட் கணக்குப் பார்க்கலாம். அரை இஞ்ச் குழாயில் நிமிடத்துக்குச் சுமார் 13 லிட்டர் வந்தால் அது வினாடிக்கு 1.5 மீட்டர் வேகம். குளிக்கும் பத்து நிமிடம் அதைத் தாண்டினால் குடி முழுகிவிடாது. ஆனால் "திறந்ததும் சுடுதண்ணி வரணும்" என்று சர்குலேஷன் பம்ப் வைத்து 24 மணி நேரமும் சுற்றவிடும் வில்லாக்களில், ஒரு வருடத்திலேயே எல்போ போய்விடுகிறது. பம்புக்கு டைமர் போடுங்கள்; தேவைக்கு மேல் பெரிய பம்பாக இருந்தால் மாற்றுங்கள்.

பம்ப் இல்லாத வீட்டிலும் இப்படி வந்தால் காரணம் வேலைக்காரர் கையில். குழாயை வெட்டியதும் உள்விளிம்பில் பிசிர் நிற்கும். ரீமரால் அதைச் சீவ வேண்டும். அரை நிமிட வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் விட்டுப்போவதும் இதுதான். அந்தப் பிசிரில் மோதித் தண்ணீர் சுழலும். வெட்டிய வாயில் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பாருங்கள், கீறினால் சீவவில்லை.

குழாயின் தடிமனையும் பார்த்துவிடுங்கள். அமெரிக்க அளவுமுறையில் அரை இஞ்ச் 'எல்' வகைக்குச் சுவர் 1.02 மி.மீ., 'எம்' வகைக்கு 0.71 மி.மீ. விலையைப் பார்த்து மெல்லியதை வாங்கியிருந்தால் அரிக்க எடுக்கும் காலமும் அந்த அளவு குறைவு.

குளிர்ந்த தண்ணீர் லைனில் பச்சை மரு

குழாய் முழுக்க நன்றாக இருந்து, ஒரே இடத்தில் மிளகு அளவுக்கு ஒரு பச்சை மரு. அதைச் சுரண்டினால் தண்ணீர் பீச்சுகிறது. இது உள்ளிருந்து வந்த குழி. வேகத்துக்கு நேர் எதிர்க் காரணம்: தண்ணீர் நிற்பது.

பிள்ளைகள் பிரான்சில், வீடு இங்கே பூட்டிக் கிடக்கும் என்பது புதுச்சேரியில் தெருவுக்கு இரண்டு உண்டு. வீடு கட்டி முடித்ததும் லைனில் தண்ணீர் நிரப்பி அழுத்தப் பரிசோதனை செய்வார்கள். பிறகு அந்தத் தண்ணீரை வடிக்காமல் வால்வை மூடிவிட்டுச் சாவியைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பாதி நிரம்பிய லைன், அடியில் மணலும் சிமென்ட் தூசியும், அதன் கீழே காற்றுப்படாத ஈரம், கூடவே கிருமிகள். படலமும் இன்னும் அமையாத புதுச் செம்பு. எட்டு மாதம் கழித்துப் பொங்கலுக்கு வந்து குழாயைத் திறந்தால் சுவரில் ஈரம் பூக்கிறது.

வீட்டைப் பூட்டப் போகிறீர்கள் என்றால் இரண்டில் ஒன்று செய்யுங்கள். லைனை முழுதாக வடித்துக் காற்றடித்து உலர்த்துங்கள். அல்லது சித்தப்பாவிடம் சொல்லி வாரம் ஒருமுறை ஒவ்வொரு குழாயையும் இரண்டு நிமிடம் திறந்துவிடச் சொல்லுங்கள். அரைகுறையாக வடிப்பது எல்லாவற்றிலும் மோசம். தொட்டியிலிருந்து இறங்கும் வாயில் ஒரு வடிகட்டி போட்டால் மணல் லைனுக்குள் போகாது. போர் தண்ணீரில் மணல் வரும் வீடுகளுக்கு இது கட்டாயம்.

ஜி.ஐ.யும் பித்தளையும் சேரும் இடம்

செம்பும், ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயும் நேராகச் சேர்ந்தால் அரிபடுவது செம்பு அல்ல, ஜி.ஐ. ஆனால் பழி செம்பின் மேல் விழும். சேருமிடத்தில் துரு கட்டியிருந்தால் நடுவில் ஒரு பித்தளை நிப்பிளோ, பிளாஸ்டிக் வாஷர் வைத்து உலோகம் உலோகத்தைத் தொடாமல் பிரிக்கும் யூனியனோ போடுங்கள். ஓட்டத்தின் வரிசையும் முக்கியம்: ஜி.ஐ. முன்னால், செம்பு பின்னால் இருக்கலாம். செம்பு முன்னால் இருந்தால் அதில் கரைந்து வரும் செம்பு பின்னால் உள்ள ஜி.ஐ.யில் போய்ப் படிந்து ஓட்டை போடும். பித்தளை வால்வில் வெள்ளைப் பொடி பூத்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கழன்று போகிறது என்று அர்த்தம். வால்வை மாற்றுங்கள், குழாயைத் தொடாதீர்கள்.

சுவருக்குள், வெளிப்பக்கத்தில் பச்சை

இது என் சொந்தத் தலைகுனிவு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீடு. நான் போட்ட லைன்தான், பரிசோதனையில் ஒரு சொட்டுக் கசிவில்லை. ஏழு மாதத்தில் பாத்ரூம் தரை ஓரத்தில் ஈரம். டைல்ஸைப் பெயர்த்தால், சுவரிலிருந்து தரைக்கு இறங்கும் இடத்தில் குழாயின் வெளிப்பக்கம் பாசி பிடித்த மாதிரி முழுப்பச்சை. நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தது. உள்ளே வெட்டிப் பார்த்தால் செம்பு புத்தம்புதுசு. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு வீட்டுக்காரர் போகிறபோக்கில் சொன்னார்: கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் டைல்ஸில் ஒட்டிய சிமென்ட் கறை போக ஒரு கேன் ஆசிட் ஊற்றிக் கழுவினார்களாம்.

அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். டைல்ஸ் இடுக்கு நிரப்பாமல் இருந்தால் நேராகக் கீழே இறங்கும். சிமென்டின் காரம் கொஞ்சம் அடக்கும். ஆனால் குளோரைடு அங்கேயே தங்கி, ஒவ்வொரு குளியலின் ஈரத்திலும் செம்பைக் கடிக்கும். செம்பைச் சிமென்டில் புதைத்தாலே அரித்துவிடும் என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். அது சரியில்லை. உலர்ந்த நல்ல சிமென்ட் செம்பை ஒன்றும் செய்யாது. உப்பு மணல், நிலக்கரிச் சாம்பல், ஆசிட், இவற்றோடு விடாத ஈரம் சேர்ந்தால்தான் ஆபத்து. அன்றிலிருந்து சுவருக்குள் போகும் ஒவ்வொரு செம்புக்கும் பிளாஸ்டிக் உறை போடுகிறேன். இடுக்கு நிரப்பிக் காய்வதற்கு முன் ஆசிட் கேன் உள்ளே வரக்கூடாது என்று வீட்டுக்காரரிடம் எழுதியே கொடுக்கிறேன். டாய்லெட் கழுவும் ஆசிட்டைத் திறந்த வாயோடு வாஷ்பேசின் அடி அலமாரியில் வைப்பதும் தப்பு. ஆவியே போதும், கீசர் இணைப்புக் குழாய் பச்சையாக.

குழாய் கறுத்துப் போகிறது

பச்சை இல்லாமல் கரி பூசிய மாதிரிக் கறுப்பு என்றால் வீட்டில் யாருடைய வெள்ளிக் கொலுசாவது சீக்கிரம் கறுக்கிறதா என்று கேளுங்கள். கறுத்தால் காற்றில் கந்தக வாயு இருக்கிறது: செப்டிக் டேங்க் காற்றுக் குழாய் ஜன்னலை ஒட்டியிருக்கும், தரை வடிகாலில் தண்ணீர்த் தடுப்பு வறண்டிருக்கும், அல்லது வீட்டை ஒட்டிச் சாக்கடை வாய்க்கால் போகும். அழுகிய முட்டை நாற்றம் போர் தண்ணீரிலேயே வந்தால் உள்பக்கமும் கறுக்கும். வடிகாலையும் காற்றுக் குழாயையும் சரிசெய்யுங்கள். இதே வாயு ஏசி காயிலையும் எலக்ட்ரானிக் போர்டையும் முதலில் தாக்கும்.

கறுப்பும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் வெறும் மங்கிய பழுப்பாக இருந்தால், கைரேகை பதிந்த இடம் மட்டும் கருத்திருந்தால், ஒன்றும் செய்ய வேண்டாம். அது செம்பின் இயல்பு.

புது ஏசியில் கேஸ் நிற்கவில்லை

நிரப்புகிறார்கள், இரண்டு மாதத்தில் காலி. மறுபடி நிரப்புகிறார்கள். இதற்கு நம் ஊரில் இரண்டு முகம் உண்டு.

அவுட்டோரில் என்றால் உப்புக்காற்று. வைத்திக்குப்பத்திலும் தேவனாம்பட்டினத்திலும் கடலைப் பார்த்த சுவரில் மாட்டிய யூனிட்டின் அலுமினியத் தகடுகள் இரண்டு வருடத்தில் சுண்ணாம்பு மாதிரி உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். செம்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் பலி. முடிந்தால் கடலுக்கு முதுகு காட்டும் சுவரில் மாட்டுங்கள். மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உப்பில்லாத தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். போர் தண்ணீரில் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவது. இன்சுலேஷன் கிழிந்த இடத்தில் மழைத் தண்ணீர் புகுந்து தங்கும். ஐப்பசி பிறக்கும் முன் டேப்பைப் புதுப்பித்துவிடுங்கள்.

இன்டோர் காயிலில் என்றால், புது வீட்டில் முதலில் சந்தேகிக்க வேண்டியது எறும்புப் புற்று அரிப்பு. வெளியே ஊசிமுனைகூடத் தெரியாது. லேசான ஊதாக் கறுப்பு நிறம் மட்டும் இருக்கும். உள்ளே எறும்பு வளை மாதிரிக் கிளை கிளையாகக் குடைந்திருக்கும். செய்வது ஃபார்மிக் அமிலம், அசிட்டிக் அமிலம் போன்ற கரிம அமிலங்கள். புதுப் பிளைவுட், பசை, வார்னிஷ் ஆகியவற்றிலிருந்து கிளம்பும் ஆவியில் இவையும் இவற்றுக்கு மூலமானவையும் இருக்கும். இன்டீரியர் வேலை முடித்து, ஜன்னலைச் சாத்தி, அன்றைக்கே ஏசியைப் போட்டால் அந்த ஆவி முழுவதும் குளிர்ந்த ஈரக் காயிலில் போய்ப் படியும். அலமாரி வேலை முடிந்தபின் சில வாரமாவது ஜன்னலைத் திறந்து வையுங்கள். காயிலைத் துடைக்க வினிகர் கலந்த திரவம் வேண்டாம்.

கேஸ் நிரப்ப வருகிறவரிடம், முதலில் நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை போட்டு ஓட்டையைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் நிரப்பினால் காசும் கேஸோடு போகும். இன்டோரில் எறும்புப் புற்று என்று உறுதியானால் ஒட்டுப்போடுவதில் பயனில்லை. ஒன்று அடைத்தால் பக்கத்தில் ஒன்று திறக்கும். காயிலையே மாற்ற வேண்டும்.

தண்ணீர்க் குழாய்க்கு நான் வைத்திருக்கும் கணக்கு கொஞ்சம் தாராளமானது. ஓர் ஓட்டை என்றால் துண்டு மாற்றி, வெட்டிய துண்டை வைத்துக் காரணத்தைத் தேடுவேன். அதைக் குப்பையில் போட விடமாட்டேன். அதே ஓட்டத்தில் இரண்டாவது வந்தால் அந்த லைன் முழுவதையும் மாற்றச் சொல்வேன். சி.பி.வி.சி. போடுவதானால் தாராளமாகப் போடலாம், சோலார் ஹீட்டர் வாயில் மட்டும் வேண்டாம். வெயில் காலத்தில் கண்ணாடிக் குழல் ஹீட்டரில் தண்ணீர் கொதிநிலையைத் தொடும். அந்த முதல் சில மீட்டருக்குச் செம்புதான் தாங்கும்.

லாஸ்பேட்டையில் ஆர்.ஓ.வைச் சமையலறைக்கு மட்டும் திருப்பிவிட்டு, மற்ற லைனுக்குத் தெருக்குழாய்த் தண்ணீரையே விட்டோம். பீங்கானில் இருந்த நீலப்பச்சைக் கறையை அந்த அம்மாவே புளி வைத்து எடுத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். கோடு இல்லை.

"கோடு போச்சு தம்பி, சொட்டு நிக்கலையே" என்றார். தண்ணீரைச் சோதித்து, லைனைத் திருப்பி, எல்லாம் செய்த நான் அந்தக் குழாயின் வாஷரை மாற்ற மறந்திருந்தேன். பையில் ஒன்று இருந்தது. மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.